குண்டு எழுத்தும் மெல்லிய கோடும்: அலங்கார செரிஃப் ஃபாண்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகை, கல்யாணப் பத்திரிகை, மெனு கார்டு, ஸ்வீட் பாக்ஸ் என்று எது வந்தாலும் செய்வேன். முள்ளோடை தாண்டி கடலூர்ப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். கொஞ்ச காலமாக எல்லோரும் போனில் ஒரே மாதிரியான படத்தைக் காட்டுகிறார்கள்: கனமான, ஓரம் கூரான, பழைய காலத்து வாசனை அடிக்கும் இங்கிலீஷ் எழுத்து. கேள்விகளும் ஒரே மாதிரிதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"அண்ணா, இந்த குண்டு எழுத்து இருக்கே, ஓரத்துல பாதம் மாதிரி வச்சு. இதுக்குப் பேர் என்ன?"

இங்கிலீஷ் எழுத்தின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாதத்துக்குத்தான் செரிஃப் என்று பெயர். பாதம் உள்ள எழுத்தை நன்றாகக் கனமாக்கி, சுழி, வளைவு எல்லாம் சேர்த்து, தலைப்புக்கும் பலகைக்கும் என்றே வரைந்தால் அது அலங்கார செரிஃப். டிஸ்ப்ளே ஃபாண்ட் என்ற வகையில் வரும்.

நீங்கள் காட்டும் படங்களில் இரண்டு குடும்பங்கள் கலந்திருக்கின்றன. ஒன்றில் தடித்த கோடு தூண் மாதிரி இருக்கும், மெல்லிய கோடு மயிரிழை மாதிரி இருக்கும். அப்ரில் ஃபேட்ஃபேஸ், ப்ளேஃபேர் டிஸ்ப்ளேயின் பிளாக் எடை (எடை என்றால் எழுத்தின் தடிமன் அளவு) ஆகியவை இதில் சேரும். இன்னொன்று எல்லாப் பக்கமும் உப்பி, பாதம்கூட உருண்டு, பார்க்க இட்லி மாதிரி இருக்கும். கூப்பர் பிளாக் அந்த ரகம். ஆஸ்வால்டு கூப்பர் வரைந்தது, 1922இல் சிகாகோவில் வெளிவந்தது. இரண்டையும் மக்கள் "அதே ஃபாண்ட்" என்பார்கள். போர்டில் ஏற்றும்போது இரண்டும் வேறு வேறு பிறவி. முதல் வகையில் மயிரிழைக் கோடு இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. இந்தப் பக்கம் முழுக்க அந்தக் கோட்டைப் பற்றியேதான் புலம்பப்போகிறேன்.

"இருக்கற ஃபாண்ட்டுலயே போல்டு பட்டன தட்டினா இது வந்துடாதா?"

வராது. போல்டு எடை தனியாக இல்லாத ஃபாண்ட்டில் அந்தப் பட்டனைத் தட்டினால், சாஃப்ட்வேர் எழுத்தைச் சுற்றி ஒரே அளவுக்கு மை பூசிக் காட்டும். தடித்ததும் தடிக்கும், மெல்லியதும் தடிக்கும், உள்ளே இருக்கும் ஓட்டை அடைபடும். நிஜமான கன எழுத்தில் வரைந்தவர் தூணை மட்டும் அகலமாக்கி, மெல்லிய கோட்டை அப்படியே விட்டு, எழுத்தின் அகலத்தையும் கூட்டியிருப்பார். தமிழில் இந்தப் பொய்க் கனம் இன்னும் மோசம். 'ண'வைப் போட்டுப் பாருங்கள், சுழி இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும்.

"இது எந்தக் காலத்து எழுத்து சார்? பிரெஞ்சுக்காரங்க ஸ்டைலா?"

பாதி சரி. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் தீதோ குடும்பத்தாரும், இத்தாலியில் பார்மா நகரத்தில் போடோனியும் (1740–1813) தடிமனுக்கும் மெல்லிசுக்கும் இடையே பெரிய வித்தியாசம் காட்டும் எழுத்தை வார்த்தார்கள். அது புத்தகத்துக்கான எழுத்து, நாகரிகமாக இருக்கும். அதை எடுத்துத் தூணை மட்டும் ஊதிப் பெருக்க வைத்தவர்கள் லண்டன்காரர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் தார்ன் என்ற எழுத்து வார்ப்பவரின் பெயரோடு இது சேர்த்துச் சொல்லப்படுகிறது. லாட்டரிச் சீட்டு நோட்டீஸும் சுவரொட்டியும் கூட்டத்தில் கண்ணை இழுக்கவேண்டும் என்பதுதான் காரணம். ஆக, இன்று 'ராயல் லுக்' என்று கேட்டு வாங்கும் எழுத்து பிறந்த இடம் நோட்டீஸ் ஒட்டிய சுவர். அதில் குறை ஒன்றும் இல்லை.

பெரிய அளவில் ஈயத்தில் வார்த்தால் கனம் தாங்காது. அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் 1827 வாக்கில் மர எழுத்துகளை இயந்திரத்தால் குடைந்தெடுக்க வழி செய்தபிறகு இவை சுவர் அளவுக்கு வளர்ந்தன.

நம் ஊருக்கும் அச்சுக்கும் உள்ள தொடர்பில் ஒரு கதை உண்டு. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது இங்கிருந்த அச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனார்கள். அது வேப்பேரியில் பாப்ரிசியஸ் பாதிரியார் கைக்குப் போய், அங்கே தமிழ் அச்சு நடந்தது. கேள்விக்குச் சம்பந்தம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் "பாண்டிச்சேரிக்கு ஏத்த மாதிரி ஆன்டிக்கா" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இது ஞாபகம் வந்துவிடும்.

"எங்க கடைக்கு இது செட் ஆகுமா?"

காபிக் கடை, பேக்கரி, நகை, பட்டு, பூட்டிக், பழைய வீட்டைச் சீர்செய்து நடத்தும் தங்கும் விடுதி, இவற்றுக்கெல்லாம் நன்றாக உட்காரும். மருந்துக்கடை, ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், திசை காட்டும் பலகை, இதற்கெல்லாம் வேண்டாம். அவசரத்தில் படிக்கவேண்டிய இடத்தில் அலங்காரம் குறுக்கே நிற்கும். நம் வீதிகளின் நீலப் பலகையைப் பாருங்கள். வெள்ளை எழுத்து, தமிழும் பிரெஞ்சும், அலங்காரம் எதுவும் இல்லை. ஸ்கூட்டரில் போகிறவர் திரும்புவதற்குள் படித்துவிடுகிறார்.

பெயர் எத்தனை எழுத்து என்பதும் முக்கியம். ஐந்தாறு எழுத்துப் பெயருக்கு இந்த ஃபாண்ட் அழகு. "அண்ட் சன்ஸ் டிரேடர்ஸ் அண்ட் ஜெனரல் மெர்ச்சன்ட்ஸ்" என்று ஓடினால் பெயரை மட்டும் குண்டாகப் போட்டு, மிச்சத்தைச் சாதாரண எழுத்தில் கீழே போடுவேன்.

"மெனு கார்டு முழுக்க இதுலயே போட்டுடலாமா?"

கூடாது. தலைப்புக்கு மட்டும். விலைப்பட்டியலைச் சின்ன அளவில் இதில் போட்டால், எழுபது ரூபாயா எழுபத்தைந்தா என்று வாடிக்கையாளர் சர்வரைக் கூப்பிட்டுக் கேட்பார்.

"அப்போ எவ்ளோ பெருசா போட்டாதான் நல்லா தெரியும்?"

போர்டுத் தொழிலில் பழைய கணக்கு ஒன்று உண்டு: பத்தடி தூரத்துக்கு ஒரு அங்குல உயரம். எதிர்ச்சாரியிலிருந்து அறுபது அடியில் ஆள் பார்க்கிறார் என்றால் எழுத்து ஆறு அங்குலமாவது வேண்டும். இது சாதாரண எழுத்துக்கான கணக்கு. குண்டு செரிஃபுக்கு நான் இன்னொரு கணக்கும் போடுவேன், மெல்லிய கோட்டுக்கு.

எழுத்தின் உயரத்தை ஐம்பது பங்காக்கி, அதில் ஒரு பங்குதான் மெல்லிய கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு அங்குல எழுத்தில் அது 3 மில்லிமீட்டர். ஃப்ளெக்ஸில் பிரிண்ட் எடுத்தால் வந்துவிடும், ஆனால் அறுபது அடியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அதே எழுத்து பத்திரிகையில் 10 மில்லிமீட்டர் உயரத்தில் வந்தால் கோடு 0.2 மில்லிமீட்டர்தான். ஆஃப்செட்டில் தப்பிக்கும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அங்கங்கே அறுந்துபோகும். அதனால் ஃபாண்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது தூணைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்கேலை மெல்லிய கோட்டில் வையுங்கள்.

"கம்ப்யூட்டர்ல சூப்பரா இருந்துச்சு, போர்டுல பாதி எழுத்தக் காணோம். ஏன்?"

இந்தப் பாடம் எனக்கே விழுந்தது. ஒரு கடைக்கு அக்ரிலிக் எழுத்து, உள்ளே எல்இடி. போடோனி வகை ஃபாண்ட். பெயரில் இரண்டு 'என்' இருந்தன. இந்த வகையில் இங்கிலீஷ் கேப்பிட்டல் 'என்' (N) எழுத்துக்கு நிற்கும் கால் இரண்டும் மயிரிழை, நடுவில் சாய்ந்து போகும் கோடு மட்டும்தான் தூண். நான் யோசிக்கவில்லை. பகலில் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி லைட் போட்டதும் மெல்லிய கால்களுக்குள் எல்இடி வைக்க இடமில்லாததால் சாய்ந்த கோடு மட்டும் எரிந்தது. பெயருக்கு நடுவே யாரோ இரண்டு தடவை அடித்துவிட்ட மாதிரி. கடைக்காரர் கோபப்படவில்லை, சிரித்தார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. என் காசில் மாற்றிக் கொடுத்தேன்.

எனவே ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் பெயரில் என்னென்ன எழுத்து வருகிறது என்று பாருங்கள். 'ஏ'வுக்கு இடது கால் மெல்லிசு. 'எம்'முக்கு முதல் கால் மெல்லிசு. 'யூ'வுக்கு வலது பக்கம் மெல்லிசு. லைட் எழுத்து என்றால் மிக மெல்லிய இடத்திலும் ஒரு விரல் அகலம் இல்லாமல் நான் இப்போது வேலையை எடுப்பதில்லை. அந்த அகலம் வராவிட்டால் கூப்பர் பிளாக் ரகத்துக்குப் போய்விடுவேன். இல்லையென்றால் எழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் விழுகிற மாதிரி வைப்பேன்.

இரும்பில் வெட்டும் எழுத்தானால் இன்னொரு சங்கதி. பீச்சுக்குப் பக்கத்தில் உப்புக்காற்று முதலில் தின்பது அந்த மெல்லிய கோட்டைத்தான்.

"மெல்லிய கோட்ட மட்டும் கொஞ்சம் தடியாக்கிட்டா?"

நல்ல கேள்வி. எழுத்தைச் சுற்றி அவுட்லைன் கொடுத்துத் தடிக்க வைப்பார்கள். அது போல்டு பட்டன் கதைதான், மேலே சொன்னேன். தூணும் சேர்ந்து தடித்து, ஓட்டை அடையும்.

சரியான வழி இரண்டு. ஒன்று, அதே குடும்பத்தில் சின்ன அளவுக்கென்று வரைந்த எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது. பெரிய அளவுக்கான வரைவில் கோடு மெல்லிசாகவும், சின்ன அளவுக்கான வரைவில் கொஞ்சம் திடமாகவும் இருக்கும். இதை ஆப்டிகல் சைஸ் என்பார்கள். புதிதாக வந்த ப்ளேஃபேர் வேரியபிள் ஃபாண்ட்டில் இதற்கென்றே ஒரு ஸ்லைடர் இருக்கிறது. பலகை பெரிதுதானே என்று பெரிய அளவுக்கான வரைவை எடுக்காதீர்கள். அறுபது அடி தூரத்தில் நிற்பவரின் கண்ணுக்கு அது சின்ன எழுத்துதான். இரண்டாவது வழி, எழுத்தைக் கர்வாக, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, மெல்லிய கோட்டின் புள்ளிகளைக் கையால் நகர்த்துவது. ஐந்தாறு எழுத்து என்றால் ஒரு மணி நேர வேலை. அதற்குத் தனியாகக் காசு வாங்குவேன்.

"தமிழ்ல இதே ஸ்டைல் ஃபாண்ட் இருக்கா?"

அதிகம் கேட்கப்படுவது இது. என் பதிலும் இதற்குத்தான் நீளம்.

அதே ஸ்டைல் என்று ஒன்றை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். செரிஃப் என்பது ரோமானிய எழுத்தோடு பிறந்த பாதம். தமிழ் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது. எழுத்தாணிக்குத் தடிமனும் தெரியாது, மெல்லிசும் தெரியாது, ஒரே கீறல்தான். தடித்தும் மெலிந்தும் தமிழ் எழுத ஆரம்பித்தது அச்சும் தூரிகையும் வந்தபிறகு. ஆகவே பாதத்தைத் தேடாமல், தடிமன்–மெல்லிசு வித்தியாசத்தைத் தேடினால் பொருத்தம் கிடைக்கும்.

இலவசமாகக் கிடைப்பதில் நான் முதலில் எடுப்பது நோட்டோ செரிஃப் தமிழ். மெல்லியதிலிருந்து பிளாக் வரை ஒன்பது எடை இருக்கிறது. பிளாக் எடையைப் பெரிதாகப் போட்டால் ப்ளேஃபேருக்குப் பக்கத்தில் மரியாதையாக நிற்கும். கூப்பர் பிளாக் மாதிரி உருண்டதற்குத் துணையாக பலூ தம்பி இருக்கிறது. பெயரே அழகு. கொய்னி என்பதும் உருண்ட ரகம்தான். பாதம் இல்லாத, நேர்கோட்டுத் தமிழ் போதும் என்றால் கேட்டமரானின் கனமான எடைகள் இருக்கின்றன. மயிரிழையும் தூணுமாக, அப்ரில் ஃபேட்ஃபேஸுக்கு இணையாகத் தமிழில் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்குப் பெயரை மட்டும் கையால் வரைந்து கொடுக்கிறேன். நாலைந்து எழுத்துதானே.

வரையும்போதுதான் தமிழின் குணம் தெரியும். 'ப', 'ட' இரண்டும் சொன்னபடி கேட்கும். நிற்பதைத் தூணாக்கி, படுப்பதை மெல்லிசாக்கினால் வேலை முடிந்தது. 'ண' அடங்காது. நிற்கும் கோடும் சுழியுமாக உள்ளே நெரிசல், எல்லாவற்றையும் தூணாக்கினால் கறுப்புச் சுவர்தான் மிஞ்சும். அதனால் அதை அகலமாக்கி, நடுக்கோட்டை ஒல்லியாக்குவேன். 'ஞ', 'இ', 'ழு', 'கூ' எல்லாம் இதே பிரச்சினை. ஃபாண்ட் வாங்கும் முன் இந்த ஐந்தையும் அடித்துப் பாருங்கள். இவை தெளிவாக இருந்தால் மற்றவை தானாகவே தேறிவிடும். புள்ளியையும் கவனியுங்கள். கனமான எழுத்தின் தலையில் சின்னப் புள்ளி வைத்தால் தூரத்தில் காணாமல் போகும், 'க்' வெறும் 'க' ஆகிவிடும்.

"தமிழ் எழுத்து காலுக்கும் அந்தப் பாதத்த ஒட்டிட்டா மேட்ச் ஆயிடும்ல?"

ஒட்டலாம். செய்து தரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், செய்தும் இருக்கிறேன். பார்க்க, வேட்டி கட்டியவருக்கு ஷூ மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். அதைவிட, 'ர'வின் காலடியில் பாதம் முளைத்தால் படிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார், ஏதோ வேறு எழுத்தா என்று.

"பழைய லை, னை போட்டா ஆன்டிக் லுக் வருமே?"

யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு தலைக்கு மேல் வரும் பழைய 'ணை', 'லை', 'ளை', 'னை'யைச் சொல்கிறீர்கள். பெரியார் 1935 வாக்கிலேயே தன் குடி அரசு இதழில் புதிய வடிவத்தைப் புழங்கினார். தமிழ்நாடு அரசு 1978இல் ஆணை போட்டு அதை ஏற்றது. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் பொது முறையான யூனிகோடில் பழையதுக்கும் புதியதுக்கும் தனித்தனி எண் கிடையாது, எப்படித் தெரிவது என்பது ஃபாண்ட்டின் கையில். அதனால் பழைய வடிவம் வேண்டுமென்றால் அதை வைத்திருக்கும் ஃபாண்ட் வேண்டும், இல்லையென்றால் வரையவேண்டும்.

காபிக் கடைப் பெயரில் ஒரே ஒரு பழைய 'லை' வந்தால் எனக்கும் பிடிக்கும். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படித்துப் பார்க்கட்டும். அவர்கள் முழித்தால் மாற்றிவிடுங்கள்.

"ரெண்டு மொழியும் ஒரே போர்டுல. தமிழ் சின்னதா போச்சுன்னு சொல்றாங்க, ஆனா ரெண்டுக்கும் ஒரே சைஸ்தான் கொடுத்தேன்."

சைஸ் என்று நீங்கள் கொடுக்கும் பாயிண்ட் அளவு ஏமாற்றும். தமிழில் 'கி', 'கீ' மேலே எழும்பும், 'கு', 'கூ' கீழே இறங்கும். அந்த மேலும் கீழும் இடம் விட்டு, நடு உடம்பைச் சின்னதாக வரைந்திருப்பார்கள். அதே பாயிண்ட்டில் இங்கிலீஷ் கேப்பிட்டல் எழுத்து முழு உயரத்துக்கு நிற்கும். எண்ணைப் பார்க்காமல் 'ப'வின் உயரத்தையும் இங்கிலீஷ் கேப்பிட்டலின் உயரத்தையும் ஸ்கேல் வைத்துச் சமப்படுத்துங்கள்.

கடலூர்க்காரர்களுக்கு இதில் அழகு மட்டும் இல்லை, சட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக வரவேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்ற விகிதம். திருப்பாதிரிப்புலியூரிலும் மஞ்சக்குப்பத்திலும் கடை திறப்பவர்கள், புதுச்சேரியில் பார்த்த போர்டை அப்படியே காப்பி அடிக்கச் சொல்லி வருவார்கள். அளவை மாற்றித்தான் கொடுப்பேன். தமிழ் பெரிதாக வரும்போது அலங்காரத்தையும் தமிழுக்குக் கொடுத்துவிட்டு, இங்கிலீஷை அடக்கமாக வைப்பது நல்லது. இரண்டும் கத்தினால் ஒன்றும் கேட்காது.

"பிரெஞ்சு பேர் வச்சிருக்கோம். மேல வர்ற குறி மட்டும் வேற மாதிரி தெரியுதே?"

இந்த ஊருக்கே உரிய தொல்லை. 'கஃபே'யின் கடைசி எழுத்துக்கு மேல் சாய்கோடு வரும். ஃபிரான்சுவா மார்த்தேன் வீதியின் பெயரை எழுதினால் ஒரு எழுத்துக்குக் கீழே வால் வரும். ஃபாண்ட்டில் அந்த எழுத்து இல்லையென்றால் சாஃப்ட்வேர் சத்தமில்லாமல் வேறு ஃபாண்ட்டிலிருந்து எடுத்துப் போட்டுவிடும். குண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு எழுத்து மட்டும் பட்டினி கிடந்த மாதிரி நிற்கும். இலவச ஃபாண்ட் பலவற்றில் இது நடக்கும். வாங்கும் முன் உங்கள் பெயரை முழுதாக, குறிகளோடு அடித்துப் பாருங்கள். அப்ரில் ஃபேட்ஃபேஸிலும் ப்ளேஃபேரிலும் பிரெஞ்சுக்குத் தேவையானது எல்லாம் இருக்கிறது.

இன்னும் இரண்டு. கேப்பிட்டலில் போட்டால் குறியை விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள், பிரெஞ்சு தெரிந்த பெரியவர்கள் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்புறம், 'எல்'லுக்குப் பக்கத்தில் வரும் மேற்குறி நேர்குச்சியாக இருக்கக்கூடாது. காற்புள்ளி மாதிரி வளைந்த குறியைப் போடுங்கள். குண்டு எழுத்தில் நேர்குச்சி ஆணி அடித்த மாதிரி தெரியும்.

"என்கிட்ட மேட்டர் பாமினில இருக்கு. ஃபாண்ட் மாத்தினா ஏபிசிடியா வருது."

பாமினி மாதிரிப் பழைய ஃபாண்ட்களில் இங்கிலீஷ் எழுத்தின் இடத்தில் தமிழ்ப் படத்தை ஒளித்து வைத்திருப்பார்கள். ஃபாண்ட்டை மாற்றியதும் வேஷம் கலைந்துவிடும். யூனிகோட் மாற்றியில் போட்டு மாற்றி, பிறகு புது ஃபாண்ட் கொடுங்கள். மாற்றியதும் 'ஸ்ரீ', 'ஜ', 'ஷ', மேற்கோள் குறி இவற்றை ஒரு முறை வாசித்துப் பாருங்கள், அங்கேதான் பிசகும்.

யூனிகோடுக்கு மாறியபிறகு கொம்பு எழுத்தை விட்டுத் தள்ளி நின்றால் ஃபாண்ட்டைத் திட்டாதீர்கள். பக்கம் அமைக்கும் சாஃப்ட்வேரான இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். எழுத்துக்கு நடுவே இடைவெளியை இழுத்து விடுவதும் கொம்பைப் பிரிக்கும். இங்கிலீஷில் அழகாகத் தெரியும் அந்த இடைவெளி தமிழுக்கு ஆகாது.

"நெட்ல ஃப்ரீயா கிடைச்சது. அத போட்டா என்ன கேஸ் வரப்போகுது?"

இலவசம் இரண்டு வகை. ஓப்பன் ஃபாண்ட் லைசன்ஸில் வருவதைப் போர்டு, பாக்ஸ், லோகோ எதற்கும் போட்டுக்கொள்ளலாம். ஃபாண்ட்டை மட்டும் தனியாக விற்கக்கூடாது. மேலே நான் சொன்ன அப்ரில் ஃபேட்ஃபேஸ், ப்ளேஃபேர், நோட்டோ, பலூ தம்பி, கொய்னி, கேட்டமரான் எல்லாம் இந்த ரகம். இன்னொன்று, சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம். உங்கள் கடைப் பலகை சொந்த உபயோகம் ஆகாது, அது வியாபாரம். ஃபாண்ட் ஃபைல் ஒரு கம்ப்யூட்டர் நிரல். 1957ஆம் வருடத்துக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் நிரலுக்கும் பொருந்தும். கடை ஒன்றாக இருக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். நாலு ஊரில் கிளை திறந்து, பாக்கெட்டில் பெயர் அச்சடித்து வெளிநாட்டுக்கு அனுப்பும்போது கேட்பார்கள். அப்போது பெயரின் எழுத்தை மாற்றுவது, ஃபாண்ட் விலையைவிடப் பல மடங்கு செலவு.

கூப்பர் பிளாக் காசு கொடுத்து வாங்கவேண்டியது. சில கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேரோடு வந்திருக்கும், உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

"ஃபைல் அனுப்பினேன், பிரிண்ட்ல வேற எழுத்து வந்துடுச்சு."

கர்வ் பண்ணாமல் அனுப்பியிருப்பீர்கள். கோரல் டிராவில் கண்ட்ரோல் க்யூ, இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் ஷிஃப்ட் ஓ. கர்வ் செய்யாத ஒரு காப்பியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு போன் நம்பர் மாறும்.

"கறுப்பு அட்டையில தங்க ஃபாயில், பேரு இந்த ஃபாண்ட்ல. வருமா?"

வரும், ஆனால் கொஞ்சம் பதம் பார்க்கவேண்டும். ஃபாயில் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டுவது. மெல்லிய கோட்டில் சில இடம் ஒட்டாமல் விடும், நெருங்கிய ஓட்டையில் தேவையில்லாமல் ஒட்டி அடைக்கும். கறுப்பில் வெள்ளை எழுத்து விட்டு அச்சடிப்பதும் இதே மாதிரிதான், சுற்றியிருக்கும் மை மெல்லிய கோட்டுக்குள் ஏறிவிடும். பெயரை 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடச் சொல்வேன். இடமில்லையென்றால் மாப்பிள்ளை பெயர் ஒரு வரி, பொண்ணு பெயர் ஒரு வரி. அதற்கும் மனசில்லாதவர்களுக்கு, மேலே சொன்ன சின்ன அளவுக்கான வரைவு.

"கூடவே நிழல், பெவல், ரெட்டை அவுட்லைன்?"

வேண்டாம் தம்பி. எழுத்தே நகை போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறது.

"ஏஐல லோகோ எடுத்தேன். அதே ஃபாண்ட் எதுன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க."

இது சமீபத்திய தலைவலி. அந்தப் படத்தில் இருப்பது பெரும்பாலும் ஃபாண்ட்டே இல்லை, எழுத்து மாதிரி வரைந்த படம். சோதிக்க எளிய வழி உண்டு. பெயரில் இரண்டு முறை வரும் எழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபாண்ட் என்றால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். சில நல்ல ஃபாண்ட்களில் அலங்கார மாற்றெழுத்து இருக்கும், அப்போதும் வித்தியாசம் வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும். ஏஐ படத்தில் ஒன்றின் பாதம் கூராகவும் மற்றொன்றின் பாதம் மொட்டையாகவும் இருக்கும். தமிழாக இருந்தால் சோதனையே தேவையில்லை, பல நேரம் எழுத்தே தப்பாக இருக்கும்.

என்ன செய்வேன் என்றால், குணத்தில் நெருங்கிய ஃபாண்ட்டை எடுத்து, படத்தில் உங்களுக்குப் பிடித்த அந்த ஒரு சுழியை மட்டும் கையால் சேர்ப்பேன். படத்தை அப்படியே டிரேஸ் பண்ணி போர்டுக்கு அனுப்பச் சொன்னால் செய்யமாட்டேன். கோணல் எல்லாம் எட்டடி அகலத்தில் பல்லிளிக்கும்.

"இதெல்லாம் விடுங்க, சுவர்ல பெயிண்டர வச்சே எழுதிடலாமா?"

தாராளமாக. தட்டை பிரஷ்ஷைத் திருப்பிப் பிடித்தால் மெல்லிசு, அகலமாக இழுத்தால் தடிமன். இந்த எழுத்து அந்தக் கைக்குப் பழகினதுதான். மேலே சொன்ன 'ண' பிரச்சினையைக்கூட நல்ல பெயிண்டர் யோசிக்காமலே தீர்ப்பார். நெரிசல் வந்தால் கை தானாக மெலியும்.

நான் செய்வது இதுதான். பெயரை முழு அளவில் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, கோட்டோரமாக ஊசியால் குத்தி, சுவரில் ஒட்டி, சாக்பீஸ் பொடியைத் துணியில் கட்டித் தட்டுவோம். புள்ளி புள்ளியாக எழுத்து இறங்கும். பிறகு பெயிண்டர் கையில் விட்டுவிட்டு நான் டீ குடிக்கப் போய்விடுவேன். பக்கத்தில் நின்றால் அவருக்குப் பிடிக்காது. சுவர் சொரசொரப்பாக இருந்தால் மட்டும் முன்னமே பட்டி பார்த்து வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மெல்லிய கோடு நூல் பிரிந்த மாதிரி போகும். ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்காதீர்கள். மழைக்கு நடுவே எனாமல் காயாது.